ஈசானிய மூலையில் ஒரு மூடி

போன மாதம் நாம் மூவரும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போனபோது, நான் வேலை பார்த்த ஷெட் ரோட்டோரம் வந்து போனது. ரம்யாதான் முதலில் பார்த்தாள்.

"அப்பா, உங்க ஷெட்டு! ஏன்பா படகெல்லாம் கோணலா நிக்குது? கட்டடம் ஒரு பக்கம் பாக்குது, படகு ஒரு பக்கம் பாக்குது."

"எவனோ தண்ணி போட்டுட்டு பார்க்கிங் பண்ணியிருக்கான்" என்றான் கார்த்தி.

நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அந்தக் கோணலுக்குக் காரணம் நானும் ஆரோக்கியமும்தான். அதைச் சொன்னால் அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லக் கூச்சம். காகிதத்துக்கு முகம் கிடையாது. அதனால் எழுதுகிறேன். ஒன்பதாவது வரை படித்தவன் எழுதுவது, அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பிறந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கரும்பை வெட்டினார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. இருபது வயது வரை கடலைப் பார்த்ததில்லை. இந்தத் தகுதிகளோடுதான் படகு கட்டும் வேலைக்கு வந்தேன். முதலில் திண்டிவனத்தில் பைபர் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்யும் பட்டறை. ரெசின் என்ற பிசினைக் கலக்கக் கற்றேன், கண்ணாடி நாரைத் தடவி ஒட்டக் கற்றேன், தேய்க்கும்போது பறக்கிற தூளுக்கு உடம்பெல்லாம் சொறியக் கற்றேன். பிறகு படகு ஷெட். கடலுக்கு ஒரு மணி நேரப் பயணம் இருக்கிற ஊரில் ஏன் படகு கட்டுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இடம் சும்மா கிடந்ததாம். கட்டிய படகை லாரியில் ஏற்றிக் கடலுக்கு அனுப்புவோம். மீன்பிடிக்கிறவர்கள் அணியம் என்று சொல்வதை நாங்கள் படகின் மூக்கு என்போம். அவர்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

எங்கள் மேனேஜர் ஏகாம்பரம் சார். விழுப்புரத்திலிருந்து தினம் ரயிலில் வருவார். இடுப்பில் ஸ்டீல் டேப் தொங்கும். அதை அவர் இழுத்து அளந்ததை நான் பார்த்ததில்லை. அவர் பரிசோதனையெல்லாம் மோதிரத்தில்தான். புஷ்பராகக் கல் வைத்த மோதிரம். படகின் வயிற்றில் அதைக்கொண்டு ரெண்டு தட்டுத் தட்டி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "நல்லாருக்கு" என்பார். எல்லாப் படகும் நன்றாகவே இருந்தது. ஒருமுறை ஆரோக்கியம் வேண்டுமென்றே ஒரு காலி அட்டைப் பெட்டிக்கு ரெசின் பூசி வைத்தான். அதையும் தட்டிவிட்டு நல்லாருக்கு என்றார்.

ஆரோக்கியம் எங்கள் ஷெட்டுத் தச்சன். என் வயதுதான். வல்லத்துக்காரன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவான், திங்கள் காலையிலிருந்து அடுத்தவனைக் கிண்டல் பண்ணுவான்.

சாருக்கு வேதம் ரெண்டு. ஒன்று டிராயிங். அவரே போட்டது. எதைக் கேட்டாலும், "டிராயிங்ல இருக்கா?" என்பார். இல்லாவிட்டால் உலகத்திலேயே அது இல்லை. இன்னொன்று வாஸ்து. ரெசின் டிரம் எந்த மூலையில், கழிவறை வாசல் எந்தப் பக்கம், எல்லாம் செல்போனில் திசைகாட்டி பார்த்துத்தான். புதுப் படகு புறப்படும் நாளில் பூசணிக்காய் உடைத்து, ஒரு செப்பு எந்திரத் தகட்டைப் படகுக்குள் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், தரையில் ஒட்டிவிடுவார். எல்லாப் படகும் அப்போது வாசலைப் பார்த்துக் கிழக்கு முகமாக நிற்கும். அதனால் ஈசானியம் எப்போதும், ஆட்கள் நின்று ஓட்டும் இடத்தில், முன்னால் இடது கைப் பக்கம் விழும்.

"சார், கடல்ல படகு திரும்பிக்கினே இருக்குமே, மூலை எங்க நிக்கும்?" என்று ஆரோக்கியம் ஒருமுறை கேட்டான்.

"படகு பொறக்கற நேரத்துல எப்படி நிக்குதோ அதாண்டா ஜாதகம். நீ பொறந்தப்புறம் எத்தினி ஊரு சுத்துன? உன் நட்சத்திரம் மாறிடுச்சா?"

 ஆரோக்கியம் உளியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினான்.

இப்போது ஜாபர் பாய் படகுக்கு வருகிறேன். ஜாபர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பொம்மையார்பாளையத்தில் கடற்கரையை ஒட்டித் தங்குகிறவர்களைக் காலையில் கடலுக்குள் கூட்டிப்போய்ச் சூரியன் உதிப்பதைக் காட்டிக் கூட்டிவர ஒரு படகு வேண்டும் என்றார். கட்டிக் கொடுத்தோம். பின்பகுதியில் ஆட்கள் நின்று ஓட்டுவதற்குப் பள்ளமாக ஒரு இடம் உண்டு. நாங்கள் அதைக் குழி என்போம். அதன் தரை பிளைவுட், மேலே பைபர் பூச்சு. தரைக்கும் படகின் அடிவயிற்றுக்கும் நடுவே முழங்கால் ஆழத்துக்கு வெற்றிடம். பெட்ரோல் டேங்க் அதற்குள்தான். டேங்கை வைத்து, குழாயைப் பொருத்தி, தரையைப் போட்டு ஒட்டி மூடிவிடுவோம். திறந்து பார்க்க ஒரு மூடியும் கிடையாது. ஏன் என்று நான் கேட்டேன்.

"தண்ணியே போவாத எடத்துக்குத் தொறப்பு எதுக்கு? டிராயிங்ல இருக்கா?"

இல்லை.

ஒரே மழைக்காலம் போனது. படகு லாரியில் திரும்பி வந்தது. பாய் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்.

"சார், பின்னாடி குந்திக்கினு எழுந்திருக்க மாட்டேங்குது சார். புதுசுல எப்படி போச்சு! இப்போ எருமை மாதிரி போவுது."

சார் மோதிரத்தால் ரெண்டு தட்டு. கண் மூடல். "நல்லாருக்கு. எத்தினி பேர ஏத்தறீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்த கணக்குதான்."

"ஆளுங்க வெயிட்டு ஜாஸ்தியா இருக்கும் பாய். வெளியூர்க்காரங்க நல்லா சாப்டறாங்க."

பாய் என்னைப் பார்த்தார். "தேவராசு, வர்ற ஞாயித்துக்கிழம என் பொண்ணும் மருமகனும் இதுலதான் கடலுக்குப் போறாங்க. நிக்காஹ் ஆகி மொத தடவ வராங்க. எனக்கு உண்மைய சொல்லு."

சார் டீ குடிக்கப் போனதும் நான் சட்டைப்பையிலிருந்து பழைய ஒரு ரூபாய்க் காசை எடுத்தேன். தரையை அரையடிக்கு அரையடி தட்டிக்கொண்டே போனேன். முன்னால் டங் டங் என்று கணீரென்று கேட்டது. பின்னால் போகப் போக டொக். நீர் கோத்த பூசணிக்காய் மாதிரி. சத்தம் மாறுகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் கோடு போட்டேன். முடித்துப் பார்த்தால் பின்பக்கம் நடுவில் ஒரு பெரிய குளமே வரைந்திருந்தேன்.

"ஆளுங்க வெயிட்டு இல்ல பாய். தரைக்கு அடியில தண்ணி. ஓட்டை போட்டுப் பாத்தாதான் எப்படி வந்துச்சின்னு தெரியும்" என்றேன்.

சார் வந்தார். கோடுகளைப் பார்த்தார். பாய் அசையாமல் நின்றார். மகள் போகிற படகு, பார்க்காமல் எடுத்துப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் சார் சம்மதித்தார். ஆனால் எங்கே அறுப்பது என்பது அவர் உரிமை.

"தண்ணி வெளியேறணும்னா ஈசானியம்தான். வேற மூலைல தொறந்தா செல்வம் போயிடும்." செல்போனைப் பிடித்துக்கொண்டு குழியின் முன்னால் இடது மூலைக்குப் போய், சாக்பீஸால் பெரிசாக ஒரு பெருக்கல் குறி போட்டார். "மத்தியானம் ராகுகாலம் முடிஞ்சதும் நானே நிக்கறேன். மெஷின் பிளேடு போட்டு ஜல்தியா அறுத்துடு."

அந்த இடத்தில் பிளேடு வைக்கவே கூடாது. அங்கே தண்ணீர் இல்லை என்பதற்காக அல்ல. அதன் நேர்கீழே பெட்ரோல் டேங்க் இருந்தது. டிராயிங்படி டேங்க் நடுவில் இருக்க வேண்டும். ஆனால் டேங்க் வைத்த அன்று நடுவில் ஆரோக்கியம் வைத்திருந்த குறுக்குச் சட்டம் இடித்தது. சட்டத்தை எடுத்து மாற்ற அரை நாள். டேங்கை முன்னால் இடது பக்கம் தள்ளி வைக்க அஞ்சு நிமிஷம். சார் அன்று விழுப்புரத்தில். நான் அஞ்சு நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்தேன். தரையை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை, எங்கேயும் எழுதவில்லை.

லாரியில் ஏற்றும் முன் பெட்ரோலை இறைத்துவிட்டதாகப் பாய் சொன்னார். அது இன்னும் மோசம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும். உள்ளே ஆவி நின்றுகொண்டு ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

சாரிடம் சொல்லியிருக்கலாம். அந்த வயதில், இத்தனை வருஷ சர்வீஸில், டிராயிங்கை மீறினேன் என்று அவர் முன் நிற்க எனக்கு வாய் வரவில்லை. அவர் மோதிரத்தைக் கிண்டல் பண்ணத் தெரிந்த எனக்கு என் அஞ்சு நிமிஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஆரோக்கியத்திடம் மட்டும் சொன்னேன். அவன் மல்லாட்டை ஓட்டை உடைத்துக் கடலையை உரித்துக்கொண்டிருந்தான்.

"தோ பாரு, மேனேஜரு தரைக்கு மேல சாமி வெச்சாரு, நீ தரைக்குக் கீழ குண்டு வெச்ச."

"இன்னா பண்றது சொல்லுடா. பேஜாரா இருக்கு."

உரித்ததை வாயில் போட்டு மென்றான். "அவரு மூலைய நவுத்த முடியாது. படக நவுத்தலாமில்ல?"

சார் சாப்பிடப் போன நேரம். ரெசின் கலக்குகிற ஆறு பேரைக் கூப்பிட்டு, தள்ளுவண்டியில் இருந்த படகை அங்குலம் அங்குலமாகத் திருப்பினோம். மூக்கு தென்மேற்கைப் பார்க்க, படகின் பின்பக்க நடு சரியாக வடகிழக்கைப் பார்த்தது. ஷெட்டுக்குள் படகு கோணலாக, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி நின்றது. பெருக்கல் குறியை ஆரோக்கியம் தன் துண்டால் துடைத்தான்.

சார் வந்தார். "யார்ரா திருப்புனது?"

"ரெசின் லாரிக்காரன் பின்னாடி வரணும்னான் சார். எடம் பத்தல" என்றான் ஆரோக்கியம். பொய்யை அவனைப் போல முகம் மாறாமல் சொல்ல ஆளில்லை.

சார் திட்ட வாயெடுத்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார். குழியில் நின்று ஒரு சுற்று சுற்றினார். பின்பக்கம் நடுவில் போய் நின்றார். என் சாக்பீஸ் குளத்தின் நட்டநடுவில்.

"பொறக்கற நேரத்துல எப்படி நிக்குதோ அதான ஜாதகம் சார்? மூடி இனிமேதான பொறக்கப் போவுது?" என்றேன் மெதுவாக.

அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். அவருடைய சட்டத்தை அவரால் மீற முடியவில்லை. "இங்கதான். போடு" என்றார்.

மெஷின் பிளேடு வேண்டாம், நெருப்புப் பறக்கும் என்று சொல்லிக் கையால் செய்தேன். முதலில் கை டிரில்லில் ஒரே ஒரு துளை. டிரில் முனையில் தரையின் கனத்துக்கு மட்டும் விட்டு மீதிக்கு டேப் சுற்றினேன், அதற்கு மேல் இறங்காது. முனை உள்ளே போனதுமே, படகு பின்பக்கம் தாழ்ந்து நின்றதால், தண்ணீர் கொப்பளித்து என் முகத்தில் அடித்தது. உப்பு. கொஞ்சம் சோப்பு ருசியும். அது ஏன் என்று அப்போது புரியவில்லை. அடுத்து ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை முனையில் வளைத்து, துளைக்குள் விட்டுச் சுற்றினேன். கீழே குழாயோ ஒயரோ இருந்தால் இடிக்கும். இடிக்கவில்லை. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டேன். சதுரமாக அறுத்தால் மூலையிலிருந்து விரிசல் கிளம்பும், வட்டத்துக்கு மூலை இல்லை. ஹேக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, தண்ணீர் விட்டு விட்டு அறுத்தேன். ஒன்றரை மணி நேரம். மோதிரக்காரர் மூன்று முறை கொட்டாவி விட்டார்.

வட்டத்தைத் தூக்கினோம். வாளி வாளியாக இறைத்தோம். பாய் எண்ண ஆரம்பித்து, பிறகு நிறுத்திவிட்டார். "இத்தினிய சுமந்துக்கினா என் படகு போச்சு?" என்று மட்டும் சொன்னார்.

வற்றியதும் நான் தலையை உள்ளே விட்டு, டார்ச்சும் சவரக் கண்ணாடியும் வைத்து முன்பக்கம் பார்த்தேன். முன்னால் இடது மூலையில், தரையின் அடியில், புள்ளி புள்ளியாக நாலு ஓட்டை. சதுரமாக. நேர்கீழே என் டேங்க். டேங்கின் தலையில் நாலு கீறல்.

வெளியே வந்து அந்த மூலையில் போட்டிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். நாலு திருகு ஓட்டை.

"ஓ, அதுவா?" பாய் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தார். செப்பு எந்திரத் தகடு. "தப்பா நெனைக்காதீங்க சார். நமக்கு வழக்கமில்லன்னு மொத வாரமே கழட்டிட்டேன். கீழ போடல, சுத்தமான துணில வெச்சிருக்கேன். ஓட்டைய சோப்பு தேச்சு அடச்சேன். எங்க ஜீப்ல டேங்க் ஒழுவுனா அப்படித்தான் அடப்போம். நிக்கும்."

பெட்ரோலுக்கு சோப்பு நிற்கும். தண்ணீருக்கு சோப்பு எப்படி நிற்கும் என்று பாயைக் கேட்க எங்களில் யாருக்கும் தைரியமில்லை, பாவம், அவருக்கே அப்போதுதான் புரிந்துகொண்டிருந்தது.

ஆனால் தகட்டை எப்போதும் பசையில் ஒட்டுவார்களே, திருகு எங்கிருந்து வந்தது? இந்தப் படகு புறப்பட்ட பூஜை நாளில் நான் ஊருக்குப் போயிருந்தேன். ஆரோக்கியம்தான் சொன்னான். முந்தைய படகில் ஒட்டிய தகடு விழுந்துவிட்டதாம், அபசகுனமாம், அதனால் சாரே திருப்புளியை வாங்கித் தன் கையால் நாலு திருகு போட்டாராம்.

சார் படுத்துக் கண்ணாடியில் பார்த்தார்.  எழுந்தபோது சட்டையெல்லாம் ஈரம். அவர் கண் என் மேல் நின்றது. டேங்க் டிராயிங்கில் இருக்கிற இடத்தில் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திருகு டேங்கைத் தொட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்காமலே ஒரு பேரம் முடிந்தது. நீ என் திருகைச் சொல்லாதே, நான் உன் டேங்கைக் கேட்கவில்லை.

பதிவேட்டை எடுத்து எழுதினார். உரக்கப் படித்தார். "காரணம்: வாடிக்கையாளர் படகைக் கழுவும்போது அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றியது."

"தண்ணி ஊத்தாம பின்ன அத்தர் ஊத்தியா சார் கழுவுவாங்க?" என்றார் பாய். ஆனாலும் பேனாவை வாங்கினார். "சரி, ஓட்டைய அடச்சிட்டீங்கன்னா ஞாயித்துக்கிழம எடுத்துக்கறேன். புள்ளைங்க காத்துக்கினு இருக்குதுங்க."

பேனா காகிதத்தில் பட்டது. அப்போது ரம்யா, நீ ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தாய். பாயின் மகளை நான் பார்த்ததில்லை. உன் முகம்தான் தெரிந்தது.

"பாய், கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். "டேங்க் இருக்க வேண்டிய எடத்துல இல்ல. நான்தான் மாத்தி வெச்சேன், சோம்பேறித்தனம். அது மேலதான் திருகு எறங்கியிருக்கு. டேங்க்ல கீறல் இருக்கு. வெளிய எடுத்துப் பாக்காம யாரும் இதுல ஏறக் கூடாது."

பாய் பேனாவை மூடினார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தகட்டை மறுபடி துணியில் சுற்றி, சார் கையில் கொடுத்துவிட்டு, "எடுத்துப் பாத்துட்டு சொல்லுங்க" என்று போய்விட்டார்.

டேங்குக்கு நேர்மேலே, அது வெளியே வரும் அளவுக்கு இன்னொரு பெரிய வட்டம் அறுத்தேன், டேங்குக்குள் குழாயால் தண்ணீர் நிரப்பி ஆவியை விரட்டிய பிறகு. ஒரு கீறல் நகத்தால் அழுத்தினாலே உள்வாங்கியது. புது டேங்க் போட்டோம், டிராயிங்கில் இருக்கிற இடத்தில். சட்டத்தை மாற்ற அரை நாள்தான் ஆனது. ரெண்டு திறப்புக்கும் வயல் வரப்பு மாதிரி ஒரு விரல் உயரத்துக்கு விளிம்பு கட்டி, பிரிட்ஜ் கதவு ரப்பர் வைத்து மூடி போட்டேன். அந்த ஞாயிறு அவர்கள் போகவில்லை. அடுத்த ஞாயிறு போனார்கள்.

எனக்கு மெமோ வந்தது. டிராயிங்கை மீறியதற்கு விளக்கம் கேட்டு. நியாயம்தான். திருகுக்கு யாருக்கும் மெமோ வரவில்லை. வாஸ்துவுக்கு மெமோ கொடுக்க எந்த ஆபீசிலும் படிவம் இல்லை.

அதற்குப் பிறகு எல்லா டிராயிங்கிலும் பின்பக்கம் நடுவில் மூடி வந்தது. சாரே வரைந்து, கீழே தன் பெயரைப் போட்டார். எல்லாப் படகும் பின்பக்கத்தை ஈசானியத்துக்குக் காட்டிக் கோணலாக நிற்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. அவர் ரிட்டயர் ஆனார், நான் ஆனேன், ஆரோக்கியம் ஆனான். உத்தரவு ரிட்டயர் ஆகவில்லை. போன வருஷம் ஷெட்டுக்கு சிமென்ட் தரை போட்டார்கள். புது மேனேஜர், எம்.இ. படித்தவர், எனக்கு போன் பண்ணினார்.

"அண்ணே, படகு நிறுத்த மஞ்சக் கோடு கோணலா போட சொல்லியிருக்கேன். ஏன் கோணல்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. இன்னா காரணம்ண்ணே, காத்தோட்டமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "பெயின்ட் அடிச்சாச்சுண்ணே, அப்படியே இருக்கட்டும். எதுக்கு வம்பு?" என்றார்.

கோணல் இருந்துவிட்டுப் போகட்டும். மெமோ வந்த நாளிலிருந்து நான் மூடிய ஒவ்வொரு படகிலும், மூடியின் அடிப்பக்கத்தில் அழியாத மையால் எழுதினேன். டேங்க் எங்கே, குழாய் எங்கே, சட்டம் எங்கே, எங்கே துளை போடக் கூடாது, மூடியவன் பெயர். டிராயிங்கில் இருக்கிற இடம் அல்ல, நிஜமாக இருக்கிற இடம். பொம்மையார்பாளையத்தில் எப்போதாவது படகு ஏறினால் பின்பக்கம் நடுவில் இருக்கும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அப்பாவின் கையெழுத்து இருந்தால் எழுத்துப்பிழையும் இருக்கும். டேங்க் இருக்கும் இடம் மட்டும் சரியாக இருக்கும்.